பழைய மகிழுந்தில் பெட்ரோல் வாடை: வயதின் குணமன்று, பழுது!



"பழைய வண்டி சார், அப்படித்தான் கொஞ்சம் வாடை அடிக்கும்!"

இந்த வாக்கியத்தைப் பள்ளி வாயிலில் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், பட்டறைகளிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தாம். ஆனால், அவர்கள் சொல்வது தவறு. பழைய மகிழுந்துக்குள் பெட்ரோல் வாடை வீசுவது அதன் வயதின் குணமன்று. அது ஒரு பழுது. அந்தப் பழுதுக்கு இடம் உண்டு, காரணம் உண்டு, பெரும்பாலான வேளைகளில் மலிவான தீர்வும் உண்டு. அதைக் கண்டுபிடிக்காமல் மூடி மறைப்பதும், கண்டுபிடிக்காமலே கண்டதையெல்லாம் மாற்றிப் பணம் பறிப்பதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டன. இந்த இரண்டு வழக்கங்களையும் எதிர்த்தே இதனை எழுதுகிறேன்.

தமிழாசிரியனுக்கு மகிழுந்துப் பட்டறையில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாள்தோறும் அந்த வாடையைச் சுவாசித்துக்கொண்டு பள்ளிக்கு வருபவர்கள் நம் பிள்ளைகள். எனவே, கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பெட்ரோல் தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஆவியாதலை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். ஈரத் துணி காய்கிறது, தரையில் சிந்திய நீர் மறைகிறது என்று எடுத்துக்காட்டுகள் தருகிறோம். அதே பாடம் நம் மகிழுந்தின் பெட்ரோல் தொட்டியிலும் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. அதிலுள்ள பியூட்டேன், பென்டேன் போன்ற இலேசான பகுதிகள் நம் ஊர் வெயிலில் மிக விரைவாக ஆவியாகின்றன. ஜார்ஜ் டவுனில் நண்பகலில் வெயிலில் நிறுத்திய வண்டியின் தொட்டிக்குள் ஆவி அழுத்தம் ஏறும். இரவில் குளிரும்போது இறங்கும். தொட்டி முழுமையாக அடைபட்டிருந்தால் அழுத்தம் தாங்காது. திறந்திருந்தால் ஆவி முழுவதும் காற்றில் கலக்கும்.

இந்தச் சிக்கலுக்கு வாகனப் பொறியாளர்கள் கண்ட தீர்வுதான் கரிக்கலன். (பட்டறையில் 'சார்கோல் கெனிஸ்டர்' என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.) வீட்டு நீர்வடிகட்டியில் இருக்கிறதே, அத்தகைய பதப்படுத்திய கரி ஒரு பெட்டிக்குள் நிறைக்கப்பட்டிருக்கும். அந்தக் கரியின் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பைக் கணக்கிட்டால் பல நூறு சதுர மீட்டர் வரும். தொட்டியிலிருந்து வரும் ஆவியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சியிருக்கும் தூய காற்று மட்டும் வெளியேறும்.

வண்டி ஓடி எஞ்சின் சூடேறிய பிறகு, 'பர்ஜ் வால்வு' எனப்படும் சிறிய மின்வால்வு திறக்கும். எஞ்சினின் உறிஞ்சுவிசை, கரியில் தங்கிய ஆவியை இழுத்து எரித்துவிடும். கரி மீண்டும் புதிதாகும். மறுநாள் ஆவியைப் பிடிக்க ஆயத்தமாகும்.

தொட்டி, மூடி, குழாய்கள், கரிக்கலன், வால்வு: இவ்வளவுதான் இந்த அமைப்பு. வீரா, வாஜா, மைவி போன்ற, எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சின் கொண்ட வண்டிகளில் இந்த அமைப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு பாட வேளையில் விளக்கிவிடலாம்.

இது யாருக்காக வந்தது?

'வெள்ளைக்காரன் நாட்டுச் சட்டத்துக்காக வைத்த சாமான் சார் இது, நம் ஊருக்குத் தேவையில்லை' என்று ஒரு பட்டறையில் எனக்கு அறிவுரை கூறினார்கள். வரலாற்றைப் பார்ப்போம்.

1950களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. ஏரி ஹாகன்-ஸ்மித் என்னும் வேதியியல் பேராசிரியர் அதன் காரணத்தைக் கண்டறிந்தார். பெட்ரோலின் ஆவியும் எஞ்சின் புகையிலுள்ள நைதரசன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உள்ளிட்ட நச்சுப் பொருள்களை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். அதன் விளைவாகக் கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் 1971ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்தும் ஆவியைக் கட்டுப்படுத்தும் அமைப்பு கட்டாயமாயிற்று.

வெயிலும் நெரிசலும்தான் காரணம் என்றால், அவ்விரண்டும் பினாங்கில் குறைவா? ஆண்டு முழுவதும் வெயில். காலையில் பாலத்திலும், ஜெலுத்தோங்கிலும், ஆயர் ஈத்தாம் சாலையிலும் ஊர்ந்து ஊர்ந்து செல்கிறோம். ஓடி நின்ற சூடான வண்டியிலிருந்து ஆவி வெளியேறுவது இயல்பாகவே அதிகம். குளிர்நாட்டைக் காட்டிலும் நமக்கே இந்தக் கரிக்கலன் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. பெட்ரோல் எஞ்சின்களின் மாசு வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகள், சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1996ஆம் ஆண்டே இயற்றப்பட்டன. ஐரோப்பிய விதிகளில், மூடிய அறைக்குள் ஒரு மகிழுந்தை நிறுத்தி வைத்துச் செய்யப்படும் முழுச் சோதனையில் 2 கிராம் ஆவிக்கு மேல் வெளிவரக்கூடாது. 2 கிராம் பெட்ரோல் என்பது ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி! உலகம் இவ்வளவு நுட்பமாக அளக்கும் ஒன்றைத்தான் நாம் 'கொஞ்சம் வாடை' என்று தள்ளிவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்ரோலில் பென்சீன் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை, பென்சீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஒரு நாள் வாடையைச் சுவாசித்தால் நோய் வந்துவிடும் என்று அச்சுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால், ஒவ்வொரு நாளும், சன்னல் மூடிய வண்டிக்குள், குழந்தை சுவாசிக்க வேண்டிய பொருளா அது? எண்ணிப் பாருங்கள்.

முதல் தவறு: "கழற்றி எறி, அடைத்துவிடு!"

சில பட்டறைகளில் கரிக்கலனைக் கழற்றிவிட்டுக் குழாயின் வாயில் ஒரு திருகாணியைச் செருகி அடைத்துவிடுகிறார்கள். 'இனி உங்களுக்குத் தொல்லை இல்லை சார்' என்பார்கள். தொல்லை உண்டு! தொட்டியின் மூச்சுக்குழலை அடைத்தால், பகலில் ஆவி அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமான ரப்பர் இருக்கிறதோ அங்கே கசியும். பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுக்கத் திணறும். அடைக்காமல் திறந்து விட்டாலோ, ஆவி நேராக வெளியே வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே பறந்து மறையாமல் தாழ்வான இடத்தில் தங்கும். வீட்டோடு ஒட்டிய வண்டிக் கொட்டகையில், சமையலறைக் கதவுக்கு அருகில் வண்டியை நிறுத்தும் நம் மாடி வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தவறு: "எல்லாவற்றையும் மாற்று!"

ஒரு பட்டறை கழற்றி எறியச் சொன்னால், அடுத்த பட்டறை அனைத்தையும் மாற்றச் சொல்கிறது.

ஈராண்டுகளுக்கு முன் என் பதினெட்டு வயது மகிழுந்தில் காலை வேளைகளில் வாடை வீசியது. கொண்டுபோன முதல் பட்டறையில் வண்டியின் அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. பெட்ரோல் மூடியைக்கூடத் திறக்கவில்லை. கரிக்கலன், வால்வு, பெட்ரோல் பம்பு மூன்றையும் மாற்ற வேண்டும், 1,150 ரிங்கிட் ஆகும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 'எது பழுது?' என்று கேட்டேன். 'மூன்றையும் மாற்றினால் சரியாகிவிடும்' என்றார்கள். நான் கேட்டது அதுவன்றே!

இரண்டாவதாகப் போனது வயதான ஒருவரின் சிறிய பட்டறை. அவர் முதலில் மூடியின் ரப்பரைப் பார்த்தார். அடுத்து, குழாய்களைக் கையால் வளைத்துப் பார்த்தார். வால்வைக் கழற்றி வாயால் ஊதினார். மின்சாரம் கொடுத்து மீண்டும் ஊதினார். கரிக்கலனோடு இணையும் இடத்தில் ஒரு ரப்பர் குழாய் இறுகி வெடித்திருந்தது. புதிய குழாயும் இரண்டு கவ்விகளும் 18 ரிங்கிட். கூலி 30 ரிங்கிட். அன்றோடு வாடை நின்றது.

இந்த இரண்டு பட்டறைகளுக்கும் உள்ள வேறுபாடு கருவியிலோ கல்வியிலோ இல்லை. ஒருவர் சோதித்தார், மற்றவர்கள் ஊகித்தார்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதா? வாசிக்கத் திணறும் மாணவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா என்று பார்க்காமலே மூன்று கூடுதல் வகுப்புகளை ஏற்பாடு செய்தால் அதை என்னவென்று சொல்வோம்? கண்ணாடி ஒன்று போதுமாக இருந்த பிள்ளையை ஓராண்டு முழுவதும் வாட்டியிருப்போம்.

சோதிக்க வேண்டிய ஒழுங்கு

பட்டறைக்குப் போகும்போது இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவானதிலிருந்து விலை உயர்ந்ததற்குப் போக வேண்டும்.

1. முதலில் நீர்மக் கசிவு. வண்டியின் அடியில் ஈரமோ சொட்டோ இருந்தால் அது ஆவிச் சிக்கல் அன்று, தீ ஆபத்து. வண்டியை ஓட்டாதீர்கள், பட்டறைக்காரரை வரவழையுங்கள். பல மகிழுந்துகளில் பெட்ரோல் பம்பின் மூடி பின்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதன் ரப்பர் வளையம் நைந்தால் வாடை நேராக உள்ளே வரும். பிள்ளைகள் அமர்வது அதே இருக்கையில்தான்!

2. பெட்ரோல் மூடி. அதன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு உண்டா, மூடும்போது இறுகுகிறதா என்று பாருங்கள். தொலைந்த மூடிக்குப் பதிலாக ஏதோ ஒரு மூடியை வாங்கிப் போட்டிருந்தால், அந்த வண்டிக்குரிய மூடியை வாங்குங்கள்.

3. குழாய்கள். எஞ்சின் சூட்டில் ரப்பர் இறுகும், முனைகளில் வெடிக்கும். மாற்றும்போது பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட குழாய்தான் வேண்டும். மீன்தொட்டிக் குழாயும் தண்ணீர்க் குழாயும் சில மாதங்களில் கரைந்து உப்பிவிடும்.

4. பர்ஜ் வால்வு. மின்சாரம் இல்லாதபோது இது மூடியிருக்க வேண்டும். ஊதினால் காற்றுப் போகக்கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் 'டக்' என்ற ஒலியோடு திறக்க வேண்டும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால், எஞ்சின் நின்றோடும்போது தடுமாறும். பெட்ரோல் நிரப்பிய உடன் கிளம்ப அடம்பிடிக்கும். மூடியபடியே சிக்கினால், கரிக்கலன் காலியாகாமல் நிரம்பி வழியும், வாடை வரும்.

5. கரிக்கலனின் காற்றுத் துளை. இது தூசியாலும் சேற்றாலும் அடைபடும். மூடியைத் திறக்கும்போது பலமாகக் காற்று உறிஞ்சும் ஒலி கேட்டாலோ, எண்ணெய் நிலையத்தில் நிரப்பும் குழாய் அடிக்கடி தானாக நின்றாலோ இதனைச் சந்தேகிக்கலாம். பூச்சியும் அடைக்கும்! 2011இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட மகிழுந்துகளைத் திரும்ப அழைத்தது. இந்த ஆவிக் குழாய்க்குள் சிலந்திகள் கூடு கட்டியதுதான் காரணம். (இது கதையன்று!)

6. கடைசியாகக் கரிக்கலன். அதற்குள் பெட்ரோல் நீர்மமாகவே தேங்கியிருந்தாலோ, கரித்துகள் குழாய்களில் கொட்டிக் கிடந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன், மேலே உள்ள ஐந்தையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

எதுவும் புலப்படவில்லை என்றால், புகைச் சோதனை செய்யும் பட்டறையை நாடுங்கள். மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைக் குழாய்க்குள் செலுத்தினால், கசியும் இடத்தில் அது வெளிவந்து காட்டிக்கொடுக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கருவியைத் தொட்டிக் குழாயில் செருக யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்த அழுத்தத்தை இந்த அமைப்பு தாங்காது. ஒளி வேண்டுமென்றால் கைவிளக்கு மட்டுமே. தீக்குச்சியும் சிகரெட்டும் அருகில் வரக்கூடாது.

"எஞ்சின் விளக்கு எரியவில்லையே?"

இதுவும் அடிக்கடி கேட்கும் சமாதானம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த கணினி முறையில், ஆவிக் கசிவைத் தேடிப் பார்க்கும் சோதனையும் உண்டு. பி0442 என்றால் சிறு கசிவு, பி0455 என்றால் பெருங்கசிவு என்று அவ்வண்டிகள் எழுதிக் காட்டும். ஐரோப்பிய விதிமுறையில் அத்தகைய கசிவுச் சோதனை கட்டாயமாக இருக்கவில்லை. நம் நாட்டில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. அவற்றில் வால்வின் மின்கம்பி அறுந்தால் விளக்கு எரியக்கூடும்; குழாய் வெடித்தால் எரியாது. எனவே விளக்கு எரியாதது நற்சான்றிதழ் ஆகாது. அத்தகைய வண்டிகளில் ஆவிக் கசிவைச் சொல்லும் ஒரே கருவி நம் மூக்குதான். அந்த மூக்கையும் நறுமண அட்டையைத் தொங்கவிட்டு ஏமாற்றிவிடுகிறோம்!

விளக்கு எரியும் வண்டிகளிலும், பேட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துவிடும் வித்தை நடக்கிறது. தேர்வுத் தாளில் மதிப்பெண்ணை அழித்துவிட்டால் மாணவன் தேர்ச்சி பெற்றவன் ஆகிவிடுவானா?

நம் கைப்பழக்கம்

பட்டறைகளை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. எண்ணெய் நிலையத்தில் நிரப்பும் குழாய் தானாக நின்ற பிறகும், 'சுற்றுத் தொகையாக வரட்டும்' என்று மீண்டும் மீண்டும் அழுத்துகிறவர்கள் நம்மில் பலர். தொட்டியின் மேற்பகுதி ஆவிக்காக விடப்பட்ட இடம். அதையும் நிரப்பினால், நீர்மப் பெட்ரோல் கரிக்கலனுக்குள் போய்க் கரியை நாசமாக்கிவிடும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தில் ஒரு லிட்டர் பெட்ரோல் 1.99 ரிங்கிட்டுக்கு வழங்கப்பட்டது. அப்படிக் கடைசியாகத் திணிக்கும் அரை லிட்டரின் மதிப்பு ஒரு ரிங்கிட். அதற்காகப் பல நூறு ரிங்கிட் பெறும் பொருளைக் கெடுப்பானேன்? குழாய் நின்றால் நிறுத்துங்கள். பழுதைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை.

"பழைய வண்டியை விற்றுத் தொலையுங்கள்!"

இப்படியும் சிலர் சொல்கிறார்கள். 2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில், 15 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாய ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்று கூறப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள்; சில வாரங்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர், 2025 அக்டோபரில் தாக்கல் செய்யப்பட்ட 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 20 ஆண்டுகளைக் கடந்த வண்டியைக் கைவிட்டுப் புதிய தேசிய மகிழுந்து வாங்குவோருக்கு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். மாதத் தவணை கட்ட இயலாத பெற்றோர் என்ன செய்வார்கள்? மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இருபது ஆண்டுப் பழைய வண்டியில் வருபவரை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை.

2009இல் மக்கள் எதிர்த்ததன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால், கட்டாயம் வேண்டாம் என்று வென்றவர்களுக்குத் தாமாகச் சோதிக்கும் கடமை வந்துசேர்ந்ததே, அதை யார் நிறைவேற்றினோம்? தனியார் மகிழுந்தை ஆண்டுதோறும் யாரும் ஆய்வு செய்வதில்லை. சாலை வரியும் காப்புறுதியும் கட்டிவிட்டால் வண்டி நலமாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். பழைய வண்டியை வைத்திருப்பது குற்றமன்று. அதன் பழுதைத் தெரிந்தே வைத்திருப்பதுதான் குற்றம்.

'லாரிகள் கரும்புகை கக்குகின்றனவே, என் வண்டியின் வாடைதானா பெரிது?' என்றும் கேட்பார்கள். லாரியின் புகையைத் தடுக்க உங்களால் இயலாமல் போகலாம். உங்கள் பிள்ளை அமர்ந்திருக்கும் இருக்கையின் அடியில் வெடித்த குழாயை மாற்ற இயலும்.

என்ன செய்யலாம்?

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. பெற்றோரில் வாகனப் பட்டறைத் தொழிலாளர்களும் உண்டு. ஒரு சனிக்கிழமை காலை, பள்ளித் திடலில், மூடியையும் குழாய்களையும் மட்டுமாவது பார்த்துச் சொல்லும் ஒரு முகாம் நடத்த எவ்வளவு செலவாகும்? தேநீர்ச் செலவுதான். அப்படியே ஆவியாதல் பாடத்தையும் அன்று அந்தத் திடலிலேயே நடத்திவிடலாம். தந்தையின் தொழிலில் இவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை அறிந்துகொள்வது எந்தப் பயிற்றியிலும் கிடைக்காத பாடம்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! நாளைக் காலை வண்டிக் கதவைத் திறந்ததும், குளிர்சாதனத்தை இயக்குவதற்கு முன், ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் 'பழைய வண்டி' என்று சொல்லாதீர்கள்; 'பழுது' என்று சொல்லுங்கள். பட்டறையில் 'எதை மாற்ற வேண்டும்?' என்று கேட்காதீர்கள். 'எது பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாத பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். விடை சொல்லத் தெரிந்தவருக்குக் கேட்ட கூலியை மனமாரக் கொடுங்கள்.